வீட்டில் பயன்படுத்தாத ஒரு பொருள்

எங்கள் கல்லூரியில் பொருளியல் துறைக்கு இரண்டாவது மாடியில் ஒரே ஒரு அறை. இரண்டு மேஜை, ஒரு இரும்பு பீரோ, ஜன்னலோரம் ஒரு மர பெஞ்சு. அந்த பெஞ்சின் நுனியில், முழுசாக உட்காரலாமா கூடாதா என்று முடிவு செய்யாதவர் மாதிரி அஞ்சலை உட்கார்ந்திருந்தார்.

சேலைக்கு மேல் கம்பெனியின் நீலச் சட்டை. கழுத்தில் அடையாள அட்டை. திருமழிசைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவருக்குப் பேக்கிங் வேலை. காலை ஷிப்டு முடிந்த கையோடு பூந்தமல்லிக்கு பஸ் ஏறி வந்திருந்தார். அட்டைப்பெட்டி வாசனையும் ஒட்டும் டேப் வாசனையும் அறைக்குள் அவரோடு வந்திருந்தன.

எதிரே நான். கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். அதில் கௌரவம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“வந்துடுவானா டீச்சர்?”

“வந்துடுவாம்மா.”

“அதுக்குள்ள தேச்சிருப்பாங்களோ?”

என் மாணவன் டில்லிபாபு பூந்தமல்லி பாத்திரக் கடைக்கு ஓடியிருந்தான். அன்று காலைதான் அங்கே ஒரு பழைய டிபன் பாக்ஸைப் பாலிஷ் போடக் கொடுத்திருந்தான். அது அஞ்சலையுடையது. அதன் மேல் அவர் பெயர் வெட்டியிருந்தது. பாலிஷ் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் பெயர் போய்விடும்.

அவருடைய டிபன் பாக்ஸ் டில்லிபாபு கைக்கு எப்படிப் போனது என்றால், நான்தான் காரணம். நான் நடத்திய பாடம்தான் காரணம். அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்ச தூரம் பின்னால் போக வேண்டும்.

கொடி இல்லாத கட்சி

திருப்பூரில் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ரேஷன் கடை மண்ணெண்ணெய் வரிசையில் என் அம்மா செருப்பை வைத்து இடம் பிடித்த கதையை இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். செருப்புகளெல்லாம் வரிசையாக நிற்கும், ஆட்கள் வேப்பமர நிழலில் இருப்பார்கள். அப்படி நின்றும் பாதி நாள் வெறும் கேனோடுதான் வீடு திரும்புவோம்.

அதே திருப்பூரில்தான் பக்கத்துத் தெருவில் நான்கு தையல் மெஷினை வைத்துக்கொண்டு ஒருவர் பனியன் தைத்தார். யாரும் அவரைத் தைக்கச் சொல்லவில்லை. எந்தத் திட்டத்திலும் அவர் பெயர் இல்லை. ஆனால் அவர் வாசலில் செருப்பு வரிசை கிடையாது. கேட்டது கேட்ட நேரத்தில் கிடைத்தது. இந்த இரண்டு வாசல்களும் சின்ன வயதிலேயே என் மனசில் பதிந்துவிட்டன.

கல்யாணமாகி சென்னீர்குப்பத்துக்கு பிளாட் வாசியாக வந்தேன். கணவருக்கு ஐ.டி. கம்பெனி. எனக்குக் கல்லூரி. சேர்ந்த சில மாதங்களில், பொருளியல் ஆசிரியர்களுக்கென்று வெளியூரில் நடந்த மூன்று நாள் முகாமுக்குப் போனேன். நடத்தியவர்கள் தடையில்லாச் சந்தைதான் சரி என்று நம்புகிறவர்கள். அவர்கள் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: மனிதர்களை அவரவர் விருப்பப்படி கொடுத்து வாங்க விடுங்கள். ஒரு பொருள், அதை யார் அதிகம் மதிக்கிறாரோ அவரிடம் தானாகவே போய்ச் சேரும்.

எனக்குச் சிலிர்த்துப் போய்விட்டது. நான் சின்ன வயதில் பார்த்ததற்கு யாரோ பெயர் வைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

ஊர் திரும்பியதும் கணவரிடம் மூச்சு விடாமல் பேசினேன். அவர் தட்டில் இருந்த தோசையைப் பார்த்தபடியே, “கட்சியில சேர்ந்துட்டு வந்த மாதிரி இருக்குதே, கொடி எங்க?” என்றார்.

கொடிதான் இல்லையே தவிர, வெறி இருந்தது. குமணன்சாவடியில் நான் வழக்கமாகக் காய் வாங்கும் அம்மா, கடைசியில் ஒரு கொத்துக் கருவேப்பிலையைக் கொசுறாகப் பைக்குள் போடுவார். ஒருநாள் நான் கையை நீட்டித் தடுத்து, “சும்மா வேண்டாங்க. இதுக்கும் சேர்த்து விலை சொல்லுங்க” என்றேன். விலை இல்லாமல் எதுவும் இல்லை என்பது எங்கள் முகாமின் முதல் பாடம்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னாமா பேசற? கருவேப்பிலைக்கு உங்கிட்ட துட்டு வாங்கினா எங்கூட்ல என்ன செருப்பால அடிப்பாங்க.”

அதற்கப்புறம் ஒரு மாதம் அவர் எனக்குக் கொசுறும் போடவில்லை, முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. தக்காளியை மட்டும் சரியாக நிறுத்துக் கொடுத்தார். கொள்கைக்காக நான் பட்ட முதல் கஷ்டம் அதுதான்.

யார் சொல்லி வண்டி நிற்கிறது?

எங்கள் பாடப் புத்தகத்தில் ஐந்தாண்டுத் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பிள்ளைகள் அதை அப்படியே உருப்போட்டு விடைத்தாளில் இறக்குவார்கள். துறைத் தலைவர் நல்ல மனிதர், ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி வைத்திருந்தவர். “சிலபஸ்ல கை வைக்காதம்மா. மத்தபடி சனிக்கிழமை மத்தியானம் என்ன வேணா செஞ்சுக்கோ” என்று அனுமதி கொடுத்தார்.

அப்படி ஆரம்பித்ததுதான் சனிக்கிழமை வகுப்பு. மேல்மாடியில் தகரக் கூரை போட்ட அறை. வெயில் ஏற ஏறக் கூரை படபடவென்று சத்தம் போடும். ஜன்னலைத் திறந்தால் நெடுஞ்சாலைப் புழுதி வரும், மூடினால் வெந்து போவோம். அம்பத்தூர், ஆவடி, குத்தம்பாக்கம் என்று பல பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். அப்போது இங்கே மெட்ரோ தூண்கள் கிடையாது. ஜன்னலிலிருந்து பார்த்தால் சாலையும் புளியமரங்களும் தெரியும். இப்போது அந்தப் பக்கம் போனால் என் கண் தானாக அந்த மாடியைத் தேடும். அந்த வெக்கையில் இருந்த மாதிரி சந்தோஷமாக நான் வேறெங்கும் இருந்ததில்லை என்று தோன்றும்.

முதல் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். “காலையில ஆறு மணிக்குக் குமணன்சாவடியில ஷேர் ஆட்டோ நிக்குதே, யார் சொல்லி நிக்குது? கலெக்டரா? மந்திரியா?”

வகுப்பு முழித்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. “யாரும் சொல்ல வாணாம் மேம். பசி சொல்லும்.”

அவன்தான் டில்லிபாபு. அண்ணன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அண்ணனும் தம்பியுமாகக் குமணன்சாவடியில் ஒரே அறையில் இருந்தார்கள். ஒல்லியாக இருப்பான். பேச்சில் யாரும் அவனை மடக்க முடியாது.

“சரி, எட்டு பேர ஏத்தணும்னு யார் முடிவு பண்ணாங்க?”

“எட்டா? எங்கண்ணன் பன்னெண்டு ஏத்தும் மேம்” என்றான். வகுப்பு சிரித்து அடங்க ஐந்து நிமிடம் ஆனது.

என் முதல் வரிசையில் எப்போதும் சங்கீதா இருப்பாள். குத்தம்பாக்கத்துப் பெண். அழகான கையெழுத்து. நான் தும்மினாலும் நோட்டில் எழுதிக்கொள்வாள். அவள் குடும்பத்தில் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள், இப்போது அம்மாவுக்குக் கம்பெனியில் வேலை என்று அவள் சொல்லித் தெரியும். அந்த அம்மாதான் அஞ்சலை.

சங்கீதாவும் டில்லிபாபுவும் என்றதும் நீங்கள் நினைப்பது நடக்கவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இருவருக்கும் வேறு வேறு இடத்தில் கல்யாணமாகி, இருவருமே என்னைக் கூப்பிட்டு, இரண்டு விருந்திலும் நான் கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டேன்.

என் வாயில் வந்த வார்த்தை

முகாமில் கற்றுக்கொண்டு வந்த விளையாட்டு ஒன்று உண்டு. எல்லோரும் ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவர வேண்டும். தன்னிடம் உள்ள பொருள் தனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பத்துக்கு மார்க் போட்டுச் சீட்டில் எழுத வேண்டும். பிறகு கால் மணி நேரம் தாராளமாக ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம். மாற்றி முடித்ததும் மறுபடி மார்க். வகுப்பின் மொத்த மார்க் கூடியிருக்கும். புதிதாக ஒரு குண்டூசிகூட வகுப்புக்குள் வரவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் முன்பைவிடத் திருப்தி. கொடுத்து வாங்குவதாலேயே மனிதர்கள் மேலே வருகிறார்கள் என்பதை இதைவிடச் சுலபமாகக் காட்ட முடியாது.

பயன்பாடு என்ற சொல்லை அதற்கு முந்தைய வாரம்தான் நடத்தியிருந்தேன். ஒரு பொருள் நம் விருப்பத்தை எவ்வளவு நிறைவேற்றுகிறதோ அவ்வளவு அதன் பயன்பாடு. தமிழ் வழியில் பொருளியல் படித்த யாருக்கும் இந்தச் சொல் மறக்காது. பாதி மார்க் அதில்தான் வரும்.

அந்த ஞாபகத்தில்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்: ‘அடுத்த சனிக்கிழமை ஆளுக்கு ஒன்று கொண்டுவரவும். வீட்டில் பயன்படுத்தாத ஒரு பொருள்.’

நான் சொல்ல நினைத்தது, வேண்டாத பொருள். எழுதியது, பயன்படுத்தாத பொருள். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தேன். இரண்டும் ஒன்றில்லை என்பதைக் கல்லூரியில் படித்த எனக்குக் கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கிற ஒருவர் வந்து காட்ட வேண்டியிருந்தது.

சங்கீதா வீட்டைத் துழாவியிருக்கிறாள். பரணில், பழைய புடவையில் சுற்றி, ஒரு இரண்டடுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். வருடக்கணக்காக யாரும் தொடவில்லை. மேலே அம்மா பெயர் இருந்ததை அவள் பெரிதாக நினைக்கவில்லை, அவர்கள் வீட்டில் எல்லாப் பாத்திரத்திலும் யார் பெயராவது இருக்கும். பக்கவாட்டுக் கிளிப் ஒன்று உடைந்து போயிருந்தது. ‘மேம் சொன்னது இதுதான்’ என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு எழுத்து பிசகாமல் நான் சொன்னதைக் கேட்டதுதான் அவள் செய்த தப்பு.

சீட்டில் அதற்குப் பத்துக்கு ஒன்று என்று மார்க் போட்டாள்.

டில்லிபாபு பல் உடைந்த சீப்போடு வந்தான். வந்தவன் சும்மா இருக்கவில்லை. சீப்பைக் கொடுத்து ஒரு பேனா, பேனாவைக் கொடுத்து ஒரு கிரிக்கெட் பந்து, பந்தைக் கொடுத்து ஒரு சின்னச் சுவர்க் கடிகாரம் என்று போய்க்கொண்டே இருந்தான். கடைசியில் கடிகாரத்தை சங்கீதாவிடம் நீட்டி டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டான். அவன் அண்ணனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. அண்ணி வந்ததும் வீட்டில் அடுப்பு எரிய ஆரம்பித்திருந்தது. அண்ணனுக்கு ஆட்டோவில் சோறு எடுத்துப் போக டப்பா இல்லை.

சங்கீதா கடிகாரத்துக்கு ஒன்பது போட்டாள். டில்லி டிபன் பாக்ஸுக்குப் பத்து போட்டான்.

நான் இருவரையும் முன்னால் நிற்க வைத்து வகுப்பைக் கைதட்டச் சொன்னேன். இரண்டு பேருக்கும் லாபம், யாருக்கும் நஷ்டமில்லை என்று முழங்கினேன். வகுப்பில் இல்லாத ஒருவரின் சீட்டை நான் வாங்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

மாற்றினது மாற்றினதுதான்

திங்கள்கிழமை காலை சங்கீதா என் மேஜையருகே வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“மேம், அந்த டப்பா திரும்ப வேணும். அம்மா கேக்கறாங்க.”

“என்னாச்சு?”

“ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க மேம். பரணைப் பாத்துட்டு வந்து உக்காந்தாங்க. அப்பத்திலிருந்து எங்கிட்ட பேசறதே இல்ல.”

இங்கேதான் நான் செய்த காரியம். இன்றைக்கும் அதை எழுத வெட்கமாக இருக்கிறது. டில்லியைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுடா என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் மாற்றினது மாற்றினதுதான் என்று விளையாட்டின் விதியை நானே அறிவித்திருந்தேன். மேலே இருந்து ஒருவர் உத்தரவு போட்டுப் பொருளைப் பிடுங்கிக் கொடுப்பதா? அப்புறம் நான் நடத்தின பாடத்துக்கு என்ன மரியாதை?

“அவங்கிட்டயே பேசிப் பாரு. அவனுக்கு என்ன வேணும்னு கேளு. அதுதானே நாம படிச்சது?” என்று அனுப்பிவிட்டேன். உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. பாடம் வகுப்பைத் தாண்டி நடக்கிறதே என்று.

செவ்வாய்க்கிழமை அவள் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறாள். டில்லி, கடிகாரத்தோடு ஹெட்செட்டும் வேண்டும் என்றான். புதன்கிழமை அவள் ஹெட்செட்டோடு போனாள். அவன் அதற்கும் மேலே ஏறினான்.

எனக்குக் கோபம் வந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். “ஏண்டா ஏத்திகிட்டே போறே?”

அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். “நீங்கதான மேம் சொன்னீங்க, வெலைன்றது ஒரு சேதின்னு? அவளுக்கு ரொம்ப வேணும்னு சேதி வந்துச்சி. ஏத்திட்டேன்.”

அத்தனை வகுப்பில் என் பாடத்தை முழுசாகப் புரிந்துகொண்டவன் அவன் ஒருத்தன்தான். வாயை மூடிக்கொண்டு போகச் சொன்னேன்.

வியாழக்கிழமை மதியம் வாட்ச்மேன் வந்து, யாரோ ஒரு கம்பெனி அம்மா என்னைப் பார்க்க வேண்டும் என்கிறார், கேட்டில் நிற்கிறார் என்றான்.

பேர் வெட்டின கதை

அஞ்சலை சண்டை போட வந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் சண்டை போடவில்லை. “அந்தப் பையனைக் கொஞ்சம் கூப்பிடுங்க டீச்சர். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்” என்றார்.

டில்லிபாபு வந்தான். விஷயம் தெரிந்ததும் விறைப்பாக நின்றான்.

“நைனா, அந்த டப்பாவுல ஒரு பேரு வெட்டிகீதே, பாத்தியா?”

“பாத்தேன்மா. அஞ்சலைன்னு போட்டிருந்துச்சி. யாரோ செத்துப்போன கெழவின்னு நெனச்சேன்.”

“கெழவிதான். இன்னும் சாவல.”

அவன் அவர் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தான். அதிலும் அதே பெயர். நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் முகத்தில் இருந்த வியாபாரம் அத்தனையும் அந்த நொடியில் இறங்கிப்போனதை நான் பார்த்தேன்.

“எங்க கீது இப்ப?”

“காலைலதாம்மா... பூந்தமல்லி பாத்திரக் கடையில குட்த்தேன். பழைய பேர பாலிஷ்ல எட்த்துட்டு எங்கண்ணன் பேர வெட்டச் சொல்லி...”

அவன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. படிக்கட்டில் அவன் காலடிச் சத்தம் கீழ்மாடி வரை கேட்டது.

அந்த அரை மணி நேரத்தில்தான் அஞ்சலை எனக்கு அதைச் சொன்னார். நான் கேட்கவில்லை. எதையாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும் போல அவருக்கு இருந்திருக்கும்.

“நடவு நட்டுகினு இருந்த காலத்துல எனக்குப் பேரே கெடையாது டீச்சர். முனுசாமி பொண்டாட்டின்னுவாங்க. இல்லாட்டி ஏய், இந்தாம்பாங்க. வருசத்துக்கும் அப்டிதான். கம்பெனிக்குப் போன மொத மாசம் மேஸ்திரி அட்டையப் பாத்து அஞ்சலைன்னு கூப்பிட்டாரு. யாரையோ கூப்பிடறாருன்னு நான் சும்மா நின்னுகினு இருந்தேன்.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

முதல் சம்பளத்தில் பூந்தமல்லி போய் அந்த டிபன் பாக்ஸை வாங்கியிருக்கிறார். வீட்டில் இருந்த பாத்திரங்களில் எல்லாம் யார் யார் பெயரோ. சீர் கொடுத்தவர் பெயர், மொய்க்குப் பதில் குடம் கொடுத்தவர் பெயர், புருஷன் பெயர். கடைக்காரர் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டாராம்.

“அது வாணாம், எம்பேரு வெட்டுன்னேன். அந்தாளு சிரிச்சிகினே, இனிசியலாவது போடணும்மான்னாரு. சரின்னு மு போட்டு அஞ்சலைன்னு வெட்டிக் குட்த்தாரு. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா இதான் எம்பேருன்னு அந்தப் புள்ளி புள்ளியா கீறத வெரலாலத் தடவிப் பாத்துகினே பஸ்சுல வந்தேன்.”

“அப்புறம் ஏம்மா பரண்ல வெச்சீங்க?”

“தெனம் சோறு எட்த்துகினு போவேன். தெனம் தேய்க்கணும் இல்ல? தேய்ச்சித் தேய்ச்சிப் பேரு அழிஞ்சிடுமோன்னு பயம் வந்துடிச்சி. அதான் வேற டப்பா வாங்கிகினு அத்த எட்த்து வெச்சிட்டேன்.”

ஆக, அவர் அதைப் பயன்படுத்தாததற்குக் காரணம், வீட்டிலேயே அவருக்கு அதுதான் உசத்தி. நான் கரும்பலகையில் எழுதிய இரண்டு வரி என் கண் முன்னால் வந்து நின்றது. என் புத்தகத்தில் பயன்பாடு என்ற சொல்லுக்குப் பத்துப் பக்கம் இருந்தது. அழிந்துவிடுமே என்று பயன்படுத்தாமல் வைப்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

“தப்பு எம்மேலதாம்மா. மன்னிச்சுக்கோங்க” என்றேன். நிஜமாகவே கைகூப்பினேன்.

அவர் பதறிப்போய், “ஐய, இன்னா டீச்சர்” என்று எழுந்து நின்றுவிட்டார்.

காலியாக எப்படிக் கொடுப்பது?

முதலில் எண்ணெய் வாசனைதான் வந்தது. அப்புறம் டில்லிபாபு வந்தான். சட்டை முழுக்க வேர்வை. அவனுக்குப் பின்னால் சங்கீதா. வழியில் அவளையும் வகுப்பிலிருந்து கூட்டி வந்திருந்தான்.

டிபன் பாக்ஸை இரண்டு கையாலும் அஞ்சலையிடம் நீட்டினான். ஒரு பக்கம் கண்ணாடியாகப் பளபளத்தது. மறுபக்கம் பழைய மங்கல் நிறம்.

“சக்கரத்துல வெச்சிட்டாம்மா. நான் கத்திகினே ஓடறதுக்குள்ள ஒரு இழுப்பு இழுத்துட்டான்.” அவன் குரல் உடைந்தது. “மு போய்டுச்சி. பேரு கீது.”

அஞ்சலை விரலால் தடவிப் பார்த்தார். வழவழப்பில் ஆரம்பித்து, புள்ளிகள் தட்டுப்படும் இடம் வந்ததும் விரல் நின்றது. மெதுவாக, எழுத்து எழுத்தாக, கடைசி வரை தடவினார்.

“மு தான? அது போனா போவட்டும்” என்றார். “இனிசியலு நான் கேக்கவேயில்ல.”

நால்வரும் சிரித்தோம். சங்கீதா சிரித்துக்கொண்டே அழுதாள். அப்போதுதான் அஞ்சலை டப்பா கனமாக இருப்பதைக் கவனித்து மூடியைத் திறந்தார். உள்ளே சூடாக மிளகாய் பஜ்ஜி, தினத்தாள் துண்டு போட்டு அடுக்கியிருந்தது.

“இது இன்னாத்துக்கு நைனா?”

“காலி டப்பாவ எப்டிம்மா திருப்பிக் குட்க்கறது?” என்றான் டில்லி. இது என்ன கேள்வி என்பது போல.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் தர வேண்டும். திருப்பூரில் என் அம்மாவும் அப்படித்தான் செய்வார். அம்மா இல்லாத வீட்டில் வளர்ந்த இவனுக்கு அதை யார் சொன்னார்களோ தெரியாது. இரண்டு நாளாக விலையை ஏற்றிக்கொண்டே போனவன், ஒன்றும் வாங்காமல் பொருளைக் கொடுத்து, மேற்கொண்டு பஜ்ஜியும் வைத்துக் கொடுக்கிறான். சங்கீதா பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து நீட்டினாள். “நீயே வெச்சிக்கோ, எங்கூட்ல ஆட்டோ ஹாரன்தான் கடியாரம்” என்று தள்ளிவிட்டான்.

எனக்குள் இருந்த வாத்தியார் அப்போதும் சும்மா இருக்கவில்லை. பீரோவிலிருந்து ஒரு சீட்டை எடுத்து அவனிடம் நீட்டினேன். “டில்லி, டப்பா இருந்தப்போ பத்து போட்டே. இப்போ டப்பா இல்ல. எவ்வளவு போடுவே?”

அவன் சீட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “இத்துக்குமா மேம் மார்க்கு?” என்று கேட்டுவிட்டு, சீட்டை அப்படியே என் மேஜை மேல் வைத்தான்.

அந்த வெற்றுச் சீட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. விளையாட்டை நான் நிறுத்தவில்லை. சந்தை மேல் எனக்கிருந்த நம்பிக்கையும் போகவில்லை. முனுசாமி பொண்டாட்டியை அஞ்சலை என்று கூப்பிட்டது ஒரு கம்பெனிதான் என்பதை மறக்க நான் தயாராக இல்லை. ஆனால் அடுத்த வருடத்திலிருந்து கரும்பலகையில் ‘வீட்டில் கேட்டுவிட்டு’ என்று முதலில் எழுதினேன். குமணன்சாவடியில் அந்த அம்மாவிடம் போய், நானே வாய்விட்டுக் கொசுறு கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு அந்த அறையில் ஆளுக்கொரு பஜ்ஜி சாப்பிட்டோம். கை துடைத்துக்கொண்டு அஞ்சலை கிளம்பினார். வாசல் வரை போனவர் திரும்பி, “ஆமா, நீங்க இன்னா பாடந்தான் நடத்துறீங்க டீச்சர்? எம்பொண்ணு சொல்றது ஒண்ணும் வெளங்கல” என்றார்.

அவரிடம் அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் சொன்னேன். “ஒண்ணுமில்லம்மா. குறுக்க யாரும் போவாம விட்டுட்டா, ஒரு பொருள் அத யாரு ரொம்ப மதிக்கறாங்களோ அவங்ககிட்ட தானாப் போய்ச் சேந்துடும். அவ்வளவுதான்.”

அவர் கையில் இருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தார்.

“அப்ப சரியாத்தான் நடத்திகீறீங்க” என்றார். “எங்கிட்டதான வந்து சேந்துச்சி.”

கிளிப் உடைந்த பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மகளோடு படியிறங்கிப் போனார்.